நாயோடு போக ஏரிக்கரை இருக்கிறது

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐந்து வயதில் ஒரு லாப்ரடார் வளர்க்கிறோம். விடுமுறையில் அதையும் கூட்டிக்கொண்டு ஏலகிரிக்குப் போனோம். டிக்கெட் வாங்கும் இடத்திலெல்லாம் நாய்க்கு இடமில்லை என்றார்கள். தொலைபேசியில் சரி என்று சொன்ன விடுதியே வாசலில் நிறுத்தி மறுத்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து நாய் நடுங்கியதுதான் மிச்சம். வேலூர்ப் பக்கத்தில் கூட்டமில்லாமல், நாயையும் அழைத்துப்போகத் தோதாக ஏதாவது இடம் உண்டா? ரயிலில் கூட்டிப்போக முடியுமா?"

உண்டு. அதுவும் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிறது. இருபது வருடமாக இரண்டு நாட்டு நாய்களையும் அவற்றுக்குப் பின் வந்த ஒரு கலப்பு ராஜபாளையத்தையும் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் சுற்றியிருக்கிறேன். எந்த ஊருக்குப் போவது என்று தேடும் முன், நாய்க்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். மோந்து பார்க்க மண் வேண்டும். திரும்பத் திரும்ப நிற்காமல் நீளமாக நடக்க ஒரு தடம் வேண்டும். மரநிழலும் நல்ல தண்ணீரும் வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து தலையைத் தடவாமல் இருக்க வேண்டும். பழைய வட ஆர்க்காட்டில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது ஏரிக்கரையில்தான். பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே கிடக்கும் ஆறு. மழை வரும் சில வாரங்களில் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் கழனிக்கு வழியில்லை என்பதால், பல்லவர் காலத்திலிருந்தே இங்கே ஏரி வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஏரிக்கரைக்கு வாயிற்கதவு கிடையாது, டிக்கெட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் கிடையாது.

முதலில் காவேரிப்பாக்கம் போங்கள். வாலாஜாவைத் தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் போகும்போது இடது பக்கம் தெரிகிற நீண்ட மண்மேட்டைப் பலரும் மேடு என்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள். அதுதான் கரை. மூன்றாம் நந்திவர்மன் காலத்தது, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் இந்த ஏரி, வட ஆர்க்காட்டின் ஏரிகளிலேயே பெரியது. 19ஆம் நூற்றாண்டில் வாலாஜாவுக்குப் பக்கத்தில் கட்டப்பட்ட பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கோடி போகும், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் கரைமேல் நடக்க அருமையான காலம். பொழுது விடியும்போது அங்கே இருங்கள். ஒரு பக்கம் பனிமூட்டத்தோடு தண்ணீர், மறு பக்கம் தாழ்வில் நாற்று நட்ட கழனி, நடுவில் நீங்களும் நாயும் மட்டும். என் நாய் முதல் முறை அந்தக் கரையில் இறங்கியபோது அரை மணி நேரம் தலையே தூக்கவில்லை, மோந்துகொண்டே போனது. அன்று மாலை வீட்டில் அது தூங்கிய தூக்கத்தை வேறு எந்தப் பயணத்துக்குப் பிறகும் நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் கரை ஊர்க்காரர்களின் வேலையிடம். மீன் குத்தகை எடுத்தவர்கள் வலை காயப்போட்டிருப்பார்கள். ஆடு ஓட்டிவருகிறவர்கள் வருவார்கள். துணி துவைக்கிறவர்கள் இருப்பார்கள். கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் லாப்ரடார் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அது ஓடிவருவதைப் பார்க்கும் ஆட்டுக்கு அது தெரியாது. ஒரு சினையாடு பயந்து கரையிலிருந்து உருண்டால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய நஷ்டம். எதிரில் வரும் முதல் பெரியவரிடம், "ஐயா, நாயோடு கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா?" என்று கேட்டுவிடுங்கள். "போய் வா தம்பி, ஆட்டுப் பக்கம் மட்டும் விட்டுவிடாதே" என்பதுதான் எனக்குப் பெரும்பாலும் கிடைத்த பதில். இன்னொன்று, மதகுக்குப் பக்கத்தில் நாயைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. மேலே அசைவற்றுக் கிடக்கும் தண்ணீர் அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். லாப்ரடாருக்குத் தண்ணீரைக் கண்டால் நிற்கத் தெரியாது என்பதால் உங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் நாரை, கூழைக்கடா, வாத்துக் கூட்டங்களையும் கலைக்க விடாதீர்கள்.

காவேரிப்பாக்கம் பிடித்துப்போனால் அடுத்து மகேந்திரவாடி. அரக்கோணத்துக்கும் சோளிங்கருக்கும் இடைப்பட்ட சின்ன ஊர். வயல்வெளி நடுவே தனியாக நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்குக் கோயில் எடுத்திருக்கிறான். மகேந்திர தடாகத்தின் கரையில் இந்த மகேந்திர விஷ்ணு கிருகத்தைச் செய்வித்ததாக அவன் கல்வெட்டே சொல்கிறது. அந்தத் தடாகம்தான் இன்றைக்கும் இருக்கும் மகேந்திரவாடி ஏரி. 1,400 வருடம் ஆகப்போகிற ஒரு கரையில் நாயோடு நடப்பதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைகிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், திருவண்ணாமலை மாவட்ட எல்லைக்குள் வரும் மாமண்டூரிலும் இதே அமைப்புதான்: குன்றில் பல்லவர் குடைவரைகள், எதிரில் சித்திரமேக தடாகம் என்று பழம்பெயர் கொண்ட பெரிய ஏரி.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். 1959ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் பராமரிப்பு வேலைக்கு அன்றி விலங்குகளைக் கொண்டுபோகக் கூடாது. வேலிக்கு உள்ளே நாய் வரக்கூடாது என்று காவலர் சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள். அவர் சொல்வது சரி. வேலூர்க் கோட்டைக்கும் இதுவேதான். வீட்டில் இரண்டு பேர் போனால் ஒருவர் கரையில் நாயோடு நிற்க, மற்றவர் குடைவரையைப் பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் எப்போதும் இப்படித்தான் முறை வைத்துக்கொள்வோம்.

மலையடிவாரம் வேண்டும் என்றால் படவேடு. கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். இன்றைக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்காகவே அறியப்படுகிறது. கோயிலைத் தாண்டிப் போனால் வாழைத்தோப்பும் நெல்லும் ஜவ்வாது மலையின் அடிவாரம் வரைக்கும் பச்சையாகப் போகிறது. கமண்டல நாக நதியின் குறுக்கே செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. தோப்புகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் வெயில் ஏறும் முன் நடந்தால் நாய்க்கு அந்த ஈரமண் வாசனையே போதும். ஆடி வெள்ளியில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். அணைக்கு அப்பால் காப்புக்காடு தொடங்குகிறது. அனுமதியில்லாமல் அதற்குள் நீங்கள் போவதே குற்றம். நாயைக் கூட்டிப்போவது அதைவிடப் பெரிய தவறு. நம் நாய்களிடமிருந்து நரிக்கும் காட்டுப்பூனைக்கும் நோய் தொற்றும்.

மணலில் ஓடவிட ஆசை இருந்தால் பாலாற்றைவிடப் பொன்னையாற்றைச் சொல்வேன். திருவலத்திலிருந்து மேல்பாடி வரைக்கும் கரையோரம் இறங்க வசதியான இடங்கள் பல. மேல்பாடியில், ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்று கல்வெட்டில் வரும் அரிஞ்சய சோழனுக்காக ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசனின் நினைவுக் கோயில், இருக்கிறது. அங்கேயும் நாய் வெளியில்தான். பாலாற்றில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தேங்கி நிற்கும் குட்டைகளில் நாயைக் குடிக்கவோ புரளவோ விடவே கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவும் குரோமியமும் பல பத்தாண்டுகளாக அந்த மண்ணில் இறங்கியிருக்கிறது. நாய் நக்கித்தான் தன் உடம்பைச் சுத்தம் செய்யும். காலில் ஒட்டியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். நாம் கெடுத்த ஆற்றுக்கு நம் நாய் விலை கொடுக்க வேண்டாம். வீட்டிலிருந்தே ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

ஒரு இரவு தங்கிவரத் தகுந்தது என்றால் ஜவ்வாது மலை. ஏலகிரியைப் போல ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இங்கே ஊர்களில் கிடைக்காது. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரின் உயரம் 725 மீட்டர். வேலூர் நகரம் 200 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது. ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று வைத்தால், காவலூரில் மூன்று, நான்கு டிகிரி குறைவு. கோடையில் இது பெரிய ஆறுதல் தராது. ஐப்பசி முதல் மாசி வரைக்கும் போனால் காலைக் குளிரும் பனியும் நிஜமாகவே மலை என்று சொல்லவைக்கும். ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூரைக் கடந்து ஜமுனாமரத்தூர் போகலாம்; போளூர் வழியாகவும் பாதை உண்டு. வழியெல்லாம் சாமை விளையும் மேட்டுநிலம், பலாமரம், புளியமரம், மலையாளி பழங்குடி மக்களின் சிற்றூர்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே போகும் சாலையில் வண்டிகள் குறைவு. அந்தச் சாலையே உங்கள் நடைபாதை. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கச் சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுகிறார்கள். நாயோடு ஒருவர் வெளியில் இருக்க வேண்டியிருக்கும்.

மலையில் இரண்டு கவனம். சிறுத்தையும் கரடியும் உள்ள காடு இது. நாய் என்பது சிறுத்தைக்கு எளிதில் கிடைக்கும் இரை. சூரியன் சாய்ந்த பிறகு நாயோடு வெளியே நடக்காதீர்கள், இரவில் வராந்தாவில் கட்டிப்போடாதீர்கள். அறைக்குள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கட்டும். இரண்டாவது, ஒவ்வொரு ஊர் எல்லையிலும் அந்த ஊர் நாய்கள் நான்கைந்து குரைத்துக்கொண்டு வரும். அவை தம் ஊரைக் காக்கின்றன. கல்லெடுக்காதீர்கள். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயை உங்கள் மறுபக்கம் மாற்றி, நிற்காமல் ஓடாமல் கடந்துபோனால் ஊர் எல்லை தாண்டியதும் அவை திரும்பிவிடும்.

குடியாத்தத்துக்கு அப்பால் மோர்தானா அணை அழகான இடம். கூட்டமும் குறைவு. ஆனாலும் நாயோடு அங்கே போகாதீர்கள் என்பேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் புறம் கவுண்டன்யா சரணாலயம் இருக்கிறது. அங்கிருந்து யானைகள் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கழனிகளுக்கு வந்துபோகின்றன. யானையைப் பார்த்துக் குரைக்கும் நாய், யானை துரத்தியதும் ஓடி ஒளிய வருவது தன் எஜமானிடம்தான். வள்ளிமலையும் சோளிங்கரும் குரங்குக் கூட்டத்தால் நாய்க்கு ஒத்துவராது. அமிர்தி வனவிலங்குப் பூங்காவுக்குள் நாய்க்கு இடமில்லை என்பது சொல்லாமலே புரியும்.

இப்போது வெயில். இடத்தைவிட நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலூரில் முக்கியம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன் ஒரு பங்குனி மாதம், காலை ஒன்பதரை மணிதான் இருக்கும், பொன்னையாற்று மணலில் என் முதல் நாய் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென நின்றது. நாக்கு நீளமாகத் தொங்கியது, ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது, பின்னங்கால் தள்ளாடியது. மணலில் என் கையை வைத்துப் பார்த்தபோது ஐந்து நொடி தாங்க முடியவில்லை. கையிலிருந்த தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, காரில் ஜன்னலைத் திறந்து காற்று படும்படி படுக்கவைத்து மருத்துவரிடம் ஓடினேன். பிழைத்தது. அன்றிலிருந்து மாசி முடிந்தால் காலை எட்டு மணிக்கு மேல் எந்த நாயையும் நான் வெளியில் வைத்திருப்பதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதன் இயல்பான சூடே 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். லாப்ரடாருக்கு உடம்பில் கொழுப்பும் அடர்ந்த ரோமமும் உண்டு. நிறுத்து என்று நீங்கள் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் குணமும் உண்டு. நின்ற காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு "ஒரே நிமிடம், டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று போவதை ஒருபோதும் செய்யாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே சூடு பத்து டிகிரி ஏறிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் பயணமே வேண்டாம்.

சீமைக் கருவேல முள் இந்தப் பக்கத்து ஏரிகளின் சாபம். கரையிலிருந்து உள்ளே இறங்கினால் உதிர்ந்த முள் பாதத்தின் சதைக்குள் ஏறி உடைந்துவிடும். ஒரு இடுக்கியும் பழுப்பு நிற மருந்தான போவிடோன் அயோடினும் பையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தடவி உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சலில் நல்ல நாய்களை இழந்தவர்கள் வேலூரில் பலர். வெறிநோய், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், அட்டை கையோடு இருக்க வேண்டும். தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டியை மலை ஊர்களுக்குக் கொண்டுபோகவே கூடாது. 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் நம் ராணிப்பேட்டையில் இருக்கும்போது, நம் ஊர் நாய்க்கே தடுப்பூசி இல்லை என்றால் அது வருத்தமான விஷயம். வழியில் அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாதையில் எங்கே போனாலும் ஆம்பூர் பிரியாணியும் ஆற்காடு மக்கன் பேடாவும் எதிரில் வரும். பிரியாணியில் வெங்காயம் இருக்கிறது; அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். மக்கன் பேடாவின் உள்ளே வைக்கும் பருப்புகளோடு உலர்திராட்சையும் சேர்வதுண்டு; திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரில் எல்லோரும் சாப்பிடும்போது அது பார்க்கும் பார்வையைத் தாங்குவது கஷ்டம்தான். அதற்கென்று தயிர் சாதமோ வேகவைத்த கோழியோ தனி டப்பாவில் எடுத்துப் போய்விடுங்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, தொலைபேசியில் "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்டால் பொதுவாக "வரலாம் சார்" என்றுதான் பதில் வரும். நாயின் எடை, இனம், அறைக்குள் படுக்குமா, தனிக் கட்டணம் எவ்வளவு, கேட்டில் இருப்பவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களா என்று ஐந்தையும் கேட்டு, பதிலை எழுத்தில், ஒரு குறுஞ்செய்தியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். நாயின் படத்தையும் அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு வாசலில் நேர்ந்தது எனக்கும் ஒரு முறை நேர்ந்த பிறகுதான் இந்த வழக்கம் வந்தது.

தை மாதத்தில் கிளம்பினால் போகும் வழியில் எந்த ஊரில் காளை விடும் விழா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பொங்கல் தொடங்கி மாசி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும். தெருவில் காளை பறக்கும், சத்தத்தில் மனிதனுக்கே நெஞ்சு அதிரும். காருக்குள் மாட்டிக்கொண்ட நாய்க்கு அது நரகம். சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா. அன்றும் ஆற்றுப்பக்கம் வேண்டாம்.

கடைசியாக ரயில். முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதுமாக உங்கள் குடும்பத்துக்கே எடுத்தால் நாயை உங்களோடு வைத்துக்கொள்ளலாம். பார்சல் அலுவலகத்தில் அதற்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். தடுப்பூசி அட்டையும் கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் கேட்பார்கள். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி கிடையாது. மற்றபடி கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். காட்பாடியில் வண்டிகள் நிற்பது சில நிமிடமே; அதற்குள் பிளாட்பாரத்தின் கோடிக்கு ஓடி, பழக்கமில்லாத இருட்டுக் கூண்டில் நாயை ஏற்றிவிட்டு, திரும்பி உங்கள் பெட்டிக்கு ஓடிவர வேண்டும். ஐந்து வயது வரை உங்களைப் பிரிந்து படுக்காத நாயை அதில் ஏற்ற என் மனம் ஒப்பாது. மேலே சொன்ன இடம் எதற்கும் ரயில் தேவையில்லை. காரின் பின்சீட்டில் ஒரு பழைய போர்வையை விரித்து, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள்.